குரோமில் விளம்பரங்களைத் தடுக்கும் நீட்சியான (எக்ஸ்டென்ஷன்) யூபிளாக் ஆரிஜின் நின்றுவிட்டது. இதற்காக பிரவுசரையே மாற்ற வேண்டுமா?

விளம்பரத் தடுப்பான் உங்களுக்கு முக்கியம் என்றால், மாறிவிடுங்கள்.

பழைய முறையில், பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே இடைமறித்து, விடலாமா வேண்டாமா என்று அந்தக் கணத்தில் முடிவெடுக்கும். நீட்சிகளுக்கான கூகுளின் புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 வந்தபின் அந்த உரிமை போயிற்று. நீட்சி விதிப்பட்டியலை முன்கூட்டியே கொடுக்கலாம், தடுப்பது பிரவுசர்தான். பாதுகாப்புக்காக என்கிறது கூகுள். கண்ட நீட்சிக்கெல்லாம் அவ்வளவு அதிகாரம் தருவது ஆபத்து என்பது நியாயமான வாதமே. ஆனாலும் விளம்பர வருமானத்தில் வாழும் நிறுவனம் தடுப்பானுக்கு எல்லை வகுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024இல் தொடங்கிய பழைய நீட்சிகளின் நீக்கம் 2025இல் முடிந்தது.

என் பரிந்துரை ஃபயர்ஃபாக்ஸ். குரோமின் அடித்தளமான குரோமியத்தைச் சாராத சொந்த எஞ்சின். இடைமறிக்கும் உரிமையை அது எடுத்துவிடவில்லை. தளத்தின் சொந்தப் பெயருக்குள் ஒளிந்து வரும் கண்காணிப்பு சர்வர்களை யூபிளாக் ஆரிஜின் அங்கேதான் அடையாளம் காணும். ஆண்ட்ராய்டிலும் இயங்கும், ஐபோன் ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் நீட்சிகளுக்கு இடமில்லை. குரோமியம்தான் பழகிவிட்டது என்றால் பிரேவ் இருக்கிறது: அதன் தடுப்பான் பிரவுசருக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் இந்த மாற்றம் அதைத் தொடவில்லை.

புக்மார்க்கும் பாஸ்வேர்டும் இறக்குமதி வசதியில் சில நிமிடங்களில் வந்துவிடும். நிறுவும்போது உருவாக்கியவர் ரேமண்ட் ஹில்தானா என்று பாருங்கள். பெயரை ஒட்டிய போலிகள் உண்டு. இரண்டு தடுப்பான்களைச் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். அலுவலகக் கணினியில் மாற வழியில்லையென்றால் குரோமின் புதிய முறைக்கேற்ற எளிய வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட் போடுங்கள். சாதாரண விளம்பரங்களுக்கு அது போதும்.