4 இஞ்ச் கிரைண்டரில் 7 இஞ்ச் வீல் போடலாமா?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கேட், ஸ்டாண்டு போன்ற சின்னச் சின்ன இரும்பு வேலைகளை நானே செய்துகொள்கிறேன். இரண்டு வருடமாக ஒரு 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் வைத்திருக்கிறேன். கட்டிங் வீல் ஆழமாக இறங்கவில்லை என்று வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டு, நடுத்துளையைச் சிறிதாக்கும் புஷ் வளையம் வைத்து 7 இஞ்ச் வீல் மாட்டி ஓட்டுகிறேன். போன வாரம் சதுரக் குழாய் வெட்டும்போது வீல் பிடித்துக்கொண்டு மெஷின் என் பக்கமாக எகிறியது. நல்லவேளை, அடிபடவில்லை. அதிலிருந்து பின்பக்கக் காற்றுத் துளைகளில் நெருப்புப்பொறி தெரிகிறது, கருகல் வாடையும் வருகிறது. அந்தப் பொறியைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. ரிப்பேர் பார்ப்பதா, புது மெஷின் வாங்குவதா? மரம் அறுக்கவும் இதிலேயே பல் பிளேடு போடலாமா?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே படியுங்கள். உங்களைப் பயமுறுத்தும் அந்தப் பொறி பெரும்பாலும் மோட்டாருக்குள் இருக்கும் ஒரு ஜோடி கார்பன் பிரஷ்ஷை மாற்றுவதோடு முடிந்துபோகும். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 7 இஞ்ச் வீல்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. எனவே முதலில் வீல், அப்புறம் பொறி.

உங்கள் 7 இஞ்ச் வீலின் லேபிளைப் பாருங்கள். விட்டம் 180 மி.மீ., பக்கத்தில் நிமிடத்துக்கு 8,500 சுற்று, 80 மீ/வி என்று அச்சாகியிருக்கும். அதன் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகம் வரை தாங்கும் என்று பொருள். மணிக் கணக்கில் சொன்னால் 288 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. இப்போது மெஷினின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். 4 இஞ்ச் கிரைண்டர் சுமை இல்லாமல் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் 100 மி.மீ. வீலின் விளிம்பு நொடிக்கு 58 மீட்டர்தான் போகும், பத்திரமான அளவு. அதே வேகத்தில் 180 மி.மீ. வீலைச் சுற்றவிட்டால் விளிம்பு 104 மீட்டரைத் தொடும். வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதனால், தாங்கும் என்று அச்சிட்ட எல்லையில் வரவேண்டிய விசையைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு அதன் மேல் விழுகிறது.

"இரும்பில் வைத்ததும் வேகம் குறைந்துவிடுகிறதே" என்பீர்கள். குறையும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் இரும்பைத் தொடுவதற்கு முன் வீல் முழு வேகத்தில் சுற்றும் அந்தச் சில நொடிகள் போதும். கட்டிங் வீல் என்பது இரும்பைத் தேய்க்கும் கடினத் துகளை ரெசினில் பிசைந்து, கண்ணாடி நார் வலை வைத்து அழுத்திய ஒரு தட்டு. உடைந்தால் கண்ணாடித் தட்டு போலத் துண்டு துண்டாகப் பறக்கும். அந்தத் துண்டுகளை உங்கள் முகத்துக்கு வரவிடாமல் தடுக்க அந்த மெஷினில் இருப்பது ஒரே ஒரு பொருள், கார்டு. அதைத்தான் கழற்றி வைத்திருக்கிறீர்கள்.

புஷ்ஷும் தப்பு. 4 இஞ்ச் வீலின் நடுத்துளை 16 மி.மீ., 7 இஞ்ச் வீலுடையது 22 மி.மீ.க்குச் சற்று மேல். இந்த வித்தியாசம் மாட்டக் கூடாததை மாட்டவிடாமல் தடுக்கவே இருக்கிறது. புஷ் வைத்து அதை ஏமாற்றிவிட்டீர்கள். வீலை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேஞ்ச் தட்டு சிறிய மெஷினில் சின்னது, அதுவும் அவ்வளவு பெரிய தட்டைச் சரியாக அணைத்துப் பிடிக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு அந்த ஆழமே தேவையில்லை. சதுரக் குழாய் உள்ளே வெற்றிடம்தானே. சுவர் கனம் ஒன்றரை, இரண்டு மி.மீ. இருக்கும். நான்கு முகத்திலும் மட்டம் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பி, சுவர் கனம் இறங்கும் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். 4 இஞ்ச் வீல் தாராளமாகப் போதும். வெட்டும் நேராக வரும். மேலிருந்து ஒரே இறக்காக இறக்கினால்தான் கோணல் விழும்.

மெஷின் ஏன் எகிறியது என்பதற்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது. குழாயின் இரண்டு முனையையும் கட்டை மேல் வைத்து நடுவில் வெட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பாதிக்கு மேல் வெட்டியதும் குழாய் தன் எடையிலேயே நடுவில் தொய்யும், வெட்டு வாய் மூடிக்கொண்டு வீலை இடுக்கும். வீல் நிற்க, மோட்டாரின் வேகம் முழுவதும் மெஷின் உடம்புக்குத் திரும்பி அது துள்ளும். வீல் பெரிதாக இருந்தால் நெம்புகோலும் நீளம், உதறலும் பெரிது.

குழாயை வைஸிலோ கிளாம்பிலோ இறுக்குங்கள். வெட்டு, பிடிமானத்துக்கு ஒட்டி இருக்கட்டும். கழிவுத் துண்டு வெளியே தொங்கட்டும். அப்போது வெட்டு வாய் மூடாது, திறந்துகொண்டே போகும். பக்கக் கைப்பிடியைக் கழற்றாதீர்கள். இடம் போதவில்லை என்று அதைக் கழற்றி ஒற்றைக் கையால் ஓட்டுவது நம் பட்டறைகளில் சகஜமாகிவிட்டது, எனக்கு அதைப் பார்த்தாலே கை கூசும். வீல் சுற்றும் தளத்துக்கு நேர்க்கோட்டில் முகமும் காலும் வராமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். பாதி வெட்டில் நிறுத்தினால், வீல் வெட்டுக்குள் இருக்கும்போதே சுவிட்சைப் போடாதீர்கள். வெளியே எடுத்து, முழு வேகம் பிடித்த பிறகு மெதுவாக உள்ளே இறக்குங்கள். கட்டிங் வீலின் பக்கவாட்டில் இரும்பை உரசிப் பிசிறு எடுப்பதும் கூடாது. மெல்லிய வீலுக்குப் பக்கவாட்டு அழுத்தம் ஆகாது. அதற்கு 6 மி.மீ. கனமுள்ள கிரைண்டிங் வீல் இருக்கிறது.

வீலுக்கு ஆயுள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். ரெசின் வீலுக்குத் தயாரித்த நாளிலிருந்து 3 வருடக் கணக்கு. ஈரத்தில் கிடந்தால் அதற்கு முன்பே பலம் போய்விடும். கீழே விழுந்த வீலைத் தூக்கிப் போடுங்கள். தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டால் நல்லது என்று சொல்வார்கள். அந்தச் சோதனை பெஞ்சு கிரைண்டரில் போடும் சுட்ட கல்லுக்குச் சரி. ரெசின் வீல் நல்லதாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. புது வீல் மாட்டியதும் ஆள் இல்லாத பக்கம் திருப்பி, ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பழுது இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி உங்கள் பொறிக்கு வருவோம்.

இந்த மோட்டாருக்குள் சுற்றுவது ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டர் இருக்கும். அதன் இரு பக்கமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டிருப்பவை கார்பன் பிரஷ்கள். கரண்ட் அந்த உரசல் வழியாகத்தான் சுற்றும் சுருளுக்குப் போகிறது. ஆகவே கார்பன் நுனியில் நீலமாகச் சின்னப் பொறி தெரிவது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக, மஞ்சளாக, நீளமாகப் பொறி ஓடினால் அது நோய். வீல் இடுக்கி மோட்டார் நின்ற அந்தக் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் பாய்ந்திருக்கும். ஏற்கெனவே தேய்ந்திருந்த கார்பன் அதில் கருகியிருக்கலாம், செம்புப் பட்டையும் சுட்டிருக்கலாம்.

பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பல மாடல்களில் உடம்பின் இரு பக்கமும் வட்ட மூடி இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் திருகினால் கார்பன் வெளியே வரும். சிலவற்றில் பின் உறையைக் கழற்ற வேண்டும். எந்தப் பக்கத்து கார்பன் எப்படி உட்கார்ந்திருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்மானக் கோடு போட்டிருந்தால் அதுவரை தேய்ந்ததும் மாற்ற வேண்டும். கோடு இல்லை என்றால், 5, 6 மி.மீ.க்கு வந்துவிட்ட கார்பனுக்கு வேலை முடிந்தது. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாடல் எண் சொல்லி வாங்குங்கள். பெரிதாக இருப்பதைத் தேய்த்துப் பொருத்தும் வேலை வேண்டாம், கூட்டுக்குள் சிக்கிக்கொண்டு தொடாமல் நிற்கும். கூட்டுக்குள் கார்பன் தடையில்லாமல் வழுக்க வேண்டும், ஸ்பிரிங் முழுதாக அழுத்த வேண்டும்.

கார்பன் வெளியே இருக்கும்போதே டார்ச் அடித்துக் கம்யூட்டேட்டரைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீரான பழுப்பு மினுமினுப்பு இருந்தால் ஆரோக்கியம். ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் கன்னங்கரேலென்று தீய்ந்திருந்தால் ஆர்மேச்சர் சுருளில் பழுது, கார்பன் மாற்றிப் பயனில்லை. எமரி தாளைச் சுற்றித் தேய்த்து மினுக்கப் பார்க்காதீர்கள். அதன் துகள் பட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்து ஷார்ட் ஆக்கிவிடும். அப்படித் தேய்த்துக் கெடுத்த ஆர்மேச்சர்கள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

வீல் இல்லாமல் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று கேட்டாலோ ஆடினாலோ பேரிங் அல்லது கியர் அடிபட்டிருக்கிறது, மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். சீராகச் சுற்றினால் கார்பனைப் போட்டு மூடி, வீல் இல்லாமல் பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். புது கார்பனின் முகம் கம்யூட்டேட்டர் வளைவுக்குப் படிய அந்த நேரம் வேண்டும். முதலில் கொஞ்சம் பொறி தெரியும், போகப் போக அடங்கும். அடங்காமல் வளையமாகவே ஓடினாலோ, கருகல் வாடை திரும்ப வந்தாலோ உடனே நிறுத்துங்கள். சுருளின் மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாடை வந்தால் சுருள் வெந்துகொண்டிருக்கிறது. அதற்குமேல் மெஷினைப் பரிசோதிப்பது உங்கள் வேலையல்ல.

இரும்பு வெட்டும் மெஷினுக்குள் இரும்புத் தூள் போகும், தூளோ கரண்ட் கடத்தும். காற்றுத் துளைகளை வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டி, உலர்ந்த காற்றை மிதமாக அடித்துச் சுத்தம் செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. கியர் தலையின் உலோகத்தைத் தொடும்போது சுரீரென்றால் அன்றோடு அந்த மெஷினுக்கு ஓய்வு. பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு மெஷின், எர்த் வயர் இல்லாமலே இருக்கும். அந்த நம்பிக்கை ஒயரின் மேலுறை கிழியாதவரைதான். கிழிந்த இடத்தில் டேப் சுற்றாமல் ஒயரையே மாற்றுங்கள். லைனில், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரை உருளையிலிருந்து முழுதாக அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடி வைத்தால் உள்ளே சூடேறி உருகும். இன்னொன்று, நகர்த்தும் சுவிட்ச் உள்ள மெஷின் கரண்ட் போனால் 'ஆன்' நிலையிலேயே கிடக்கும். கரண்ட் வந்ததும் தரையில் கிடக்கும் மெஷின் தானாக ஓடும். கரண்ட் போன உடனே கை முதலில் போக வேண்டிய இடம் சுவிட்ச்.

பாதுகாப்புச் சாமான்களில் கண்ணுக்குத்தான் முதல் இடம். பவர் கண்ணாடி போதாது, பக்கமும் மூடிய காகிள்ஸ் வேண்டும். வெட்டும் வேலைக்கு அதன்மேல் முகக்கவசம். காதுக்கும் வேண்டும். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பரவலாகப் பின்பற்றும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். அப்படியானால் 97 டெசிபல் போடும் கிரைண்டரோடு காது அரை மணி நேரம்தான் தாங்கும். கையுறை விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். கிரைண்டருக்குக் கையோடு ஒட்டிய தோல் கையுறை நல்லது. டிரில்லிங் மெஷினில் கையுறை கூடாது, பிட் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்துச் சுற்றும். தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதற்கும் இரண்டிலுமே இடமில்லை. டைல்ஸ், கல், கான்கிரீட் வெட்டினால் வரும் தூளில் சிலிக்கா உண்டு, நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. துணி கட்டினால் போதாது, என்95 முகமூடி வேண்டும்.

மரத்துக்குப் பல் பிளேடு? வேண்டவே வேண்டாம். மரத்தின் கணுவில் ஒரு பல் மாட்டினால் போதும், போன வாரம் குழாயில் பார்த்த துள்ளலே திரும்ப வரும், இம்முறை சுற்றுவது ரம்பம். மரம் அறுக்கும் சர்க்குலர் சாவில் மரத்தின்மேல் படியும் அடித்தட்டு இருக்கிறது, பிளேடை மூடித் திறக்கும் கார்டு இருக்கிறது, வேகமும் கிரைண்டரில் பாதிக்கும் கீழே. அந்த வேலைக்கு அந்த மெஷினையே வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள்.

புது கிரைண்டர் தேவையா என்று கேட்டீர்கள். கார்பன் மாற்றிப் பொறி அடங்கினால் தேவையில்லை. ஆர்மேச்சர் போயிருந்தால், அதை மாற்றும் செலவையும் புது மெஷின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். கனமான ஆங்கிள் இரும்போ (எல் வடிவப் பட்டை) கெட்டிக் கம்பியோ அடிக்கடி வெட்டுவதாக இருந்தால் தனியாக ஒரு 7 இஞ்ச் கிரைண்டர் வாங்குங்கள், அது நிமிடத்துக்கு 8,500 சுற்றுக்குள் ஓடும்படி செய்யப்பட்டது. கழற்றி வைத்த கார்டு கைவசம் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். கிடைக்காவிட்டால் மாடல் எண் சொல்லி உதிரிபாகமாக வாங்கலாம். அது வரும்வரை மெஷின் பெட்டியிலேயே இருக்கட்டும்.