உண்ணிச்செடி அகற்ற வருகிறீர்களா? கேள்வி பதில்

உண்ணிச்செடி (லேண்டானா) வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளை மூடிப் பரவும் முட்புதர். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அதை அகற்றக் கிளம்பும் தன்னார்வலர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கோவை மாணவி: நாங்களே ஐந்தாறு பேர் சேர்ந்து போகலாமா?

கூடாது. இரண்டும் புலிகள் காப்பகங்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அனுமதி வாங்கிய குழுவோடு போங்கள், வேட்டைத் தடுப்புக் காவலரை விட்டு விலகாதீர்கள். ஆள் உயரப் புதருக்குள் யானையோ கரடியோ நின்றால் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

ஈரோடு வாசகர்: அரிவாள் போதுமா?

போதாது. மேலே வெட்டினால் அடுத்த மழையில் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிடும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் சொன்ன முறைதான் சரி: மண்மட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகப் புரட்டிக் காயவிட வேண்டும். தண்டு ஈர மண்ணில் பட்டால் மறுபடி வேர்விடும், அதனால்தான் தலைகீழாக. தண்டெல்லாம் முள், தடித்த கையுறை கட்டாயம்.

சேலம் ஆசிரியர்: எப்போது வரலாம்?

காய் கறுத்துப் பழுப்பதற்குள். பழுத்துவிட்டால் சின்னான் குருவிகள் தின்று விதையை எங்கெங்கோ போட்டுவிடும். அவை வந்து உட்காரும் பெரிய மரங்களின் அடியை முதலில் பாருங்கள், நாற்றுகள் அங்கேதான் கும்பலாக முளைத்திருக்கும்.

திருப்பூர் நண்பர்: எத்தனை மரக்கன்று கொண்டுவரட்டும்?

ஒன்றுகூட வேண்டாம்! மரம் நட்டால்தான் காடு என்று பலரும் நினைக்கிறோம், ஆனால் உண்ணிச்செடி மூடிய இடங்களில் பெரும்பாலும் முன்பு இருந்தது புல், மானும் காட்டெருமையும் மேய்ந்த புல். அந்தந்தக் காட்டுப் புல்லின் விதையைச் சேகரித்து மழைக்கு முன் தூவினால் அதுவே பெரிய உதவி.

சென்னை வாசகி: ஒரு ஞாயிறு மட்டும்தான் வர முடியும், பயன் உண்டா?

தாராளமாக வாருங்கள். ஆனால் அந்தக் குழு அடுத்த வருடமும் அதே இடத்துக்குத் திரும்பிப் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதர் விலகி வெயில் பட்டதும் மண்ணில் கிடக்கும் விதைகள் முளைக்கும், அவற்றைப் பிடுங்க ஆள் இல்லாவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

ஊட்டி வாசகர்: மஞ்சள் கொன்றையையும் வெட்டலாமா?

அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்து காட்டில் பரவும் மரம்தான். ஆனால் பெரிய மரத்தைத் தொடாதீர்கள், வெட்டினால் அடிக்கட்டை தழைத்துவிடும், அதை வனத்துறை பார்த்துக்கொள்ளட்டும். சின்ன நாற்றை மட்டும் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். அப்புறம், நம் சரக்கொன்றையை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது: சரக்கொன்றையின் பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கும், மஞ்சள் கொன்றையின் கொத்து மேல்நோக்கி நிற்கும். பூ இல்லாத நாளில் சந்தேகம் வந்தால் கை வைக்காமல் காவலரிடம் கேளுங்கள்.