கடிதப் பக்கங்களைக் கழிக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மனைவியின் தாத்தா நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர். துரைமார் ஊர் திரும்பியபோது விட்டுச்சென்ற ‘ஃபிஷிங் கெஜட்’ என்ற இங்கிலாந்து தூண்டில் வார இதழின் 1902 முதல் 1904 வரையிலான மூன்று தொகுதிகள் அவருடைய பெட்டியில் கிடைத்தன. வீட்டில் இடமில்லை. நல்ல கட்டுரைகளை மட்டும் ஸ்கேன் செய்துகொண்டு, வாசகர் கடிதங்களையும் விளம்பரங்களையும் விட்டுவிடலாம் என்று எண்ணுகிறேன். எழுதியவர்களில் பலர் புனைபெயருக்குள் ஒளிந்திருக்கிறார்கள். யாருடைய எழுத்தைக் காப்பாற்ற வேண்டும்? பெண்கள் எழுதினார்களா? இவற்றுக்கு விலை உண்டா?

– ச.

அன்புள்ள ச.,

விலையைப் பழைய புத்தக வணிகரிடம் கேளுங்கள். பெண்கள் எழுதினார்கள், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கொர்னீலியா கிராஸ்பி ‘ஃப்ளை ராட்’ என்ற பெயரில் பத்தி எழுதினார், 1897இல் அந்த மாநிலம் பதிவுசெய்த முதல் வேட்டை வழிகாட்டியும் அவரே. இந்த இரண்டையும் இதற்கு மேல் நீட்ட எனக்குப் பொறுமை இல்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தின் நான்காவது வரியிலேயே என் மனம் நின்றுவிட்டது. வாசகர் கடிதங்களை விட்டுவிடப் போகிறீர்களா? தாத்தாவின் பெட்டியை இத்தனை ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்த ஒரு குடும்பத்தில் போய் இப்படி ஒரு யோசனை பிறக்கலாமா?

அந்த இதழ் 1877இல் தொடங்கியது. ஆர். பி. மார்ஸ்டன் என்பவர் அதன் ஆசிரியர் பொறுப்பை இளம் வயதில் ஏற்று, 1927இல் மறையும்வரை நடத்தினார். ‘கட்டுரை’ என்றும் ‘கடிதம்’ என்றும் நீங்கள் போடும் கோடு அவருடைய பக்கங்களில் இல்லை. ஒருவர் ஓர் ஆற்றில் கண்டதை எழுதுவார். அடுத்த வாரம் இன்னொருவர் அதை மறுப்பார். மூன்றாமவர் இருவரையும் கேலி செய்வார். இந்த வாக்குவாதம் மாதக்கணக்கில் நீண்டு, கடைசியில் எவருக்கும் தனியுரிமை இல்லாத ஓர் அறிவு அங்கே திரண்டிருக்கும். நீங்கள் தேடும் ‘நல்ல கட்டுரை’ பெரும்பாலும் அந்தச் சண்டையின் நடுவிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டுதான்.

தியடோர் கார்டனை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில், நெவர்சிங்க் ஆற்றங்கரையில், காசநோயோடு தனித்து வாழ்ந்த மனிதர். குளிர்காலத்தில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சிகள் கட்டி விற்றவர். நீரில் மிதக்கும் பொய்ப்பூச்சியால் ட்ரௌட் மீன் பிடிக்கும் முறையைப் பற்றி, அதில் அன்று முதல் அதிகாரியாக மதிக்கப்பட்ட ஹால்ஃபோர்டுக்கு அவர் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்டார். ஹால்ஃபோர்டு 1890இல் பதிலோடு தம் பூச்சிகளின் மாதிரிகளையும் அனுப்பினார். அவை இங்கிலாந்து ஓடைகளின் பூச்சிகளைப் பார்த்துக் கட்டியவை. கேட்ஸ்கில் ஆறுகளில் பறந்த பூச்சிகள் வேறு என்பதைக் கண்ட கார்டன், தம் கரையில் கண்டவற்றைப் பார்த்துத் தாமே புதிதாகக் கட்டினார். ‘குவில் கார்டன்’ என்று அவர் பெயரிலேயே ஒன்று இன்றும் வழங்குகிறது. ஓர் உறைக்குள் வந்த பதிலிலிருந்து அமெரிக்கத் தூண்டில் மரபின் ஒரு கிளை முளைத்தது என்றால் அது மிகையில்லை. அந்த மனிதர் 1915இல் இறக்கும்வரை ஒரு புத்தகம்கூட வெளியிடவில்லை. அவர் எழுதியதெல்லாம் உங்கள் ‘கெஜட்’டிலும் அமெரிக்காவின் ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீ’மிலும் வந்த சிறு குறிப்புகள், நண்பர்களுக்கு அனுப்பிய கடிதங்கள் ஆகியவையே. இறந்து 32 ஆண்டுகள் கழித்து, 1947இல், ஜான் மெக்டொனால்டு என்பவர் அவற்றைத் தேடித் தொகுத்தார். உங்களைப் போன்ற ஒருவர் இடையில் புகுந்து, இவை கட்டுரைகள் அல்ல என்று ஒதுக்கியிருந்தால், தொகுக்க அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

புனைபெயரை ‘ஒளிந்திருப்பது’ என்கிறீர்கள். தவறு. ஹால்ஃபோர்டு ‘தி ஃபீல்ட்’ இதழில் ‘டிடாச்ட் பேட்ஜர்’ என்று எழுதினார். யார் என்பது அந்த வட்டத்துக்குத் தெரியும். அவரோடு மாறுபட்ட ஸ்கூஸ் என்ற லண்டன் வழக்கறிஞருக்குப் புனைபெயர்கள் பல. ‘வால் கான்சன்’ என்பது ஒன்று, ‘ஸீஃபோர்த் அண்ட் ஸோஃபோர்த்’ என்பது இன்னொன்று, மூன்றாவதான ‘ஏ. லிமிடி டின்கம்ப்’ என்பதை உரக்க வாசித்தால் ‘மட்டான வருமானம்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் காதில் விழும். பணக்காரர்களின் விளையாட்டுக்குள் நின்றுகொண்டு தன் பையைத் தானே கேலி செய்யும் இந்தக் குறும்பை எந்தக் கட்டுரைத் தொகுப்பு காப்பாற்றும்? மிதக்கும் பொய்ப்பூச்சியை மேற்பரப்பில் போடுவதே முறை என்ற நம்பிக்கை கோலோச்சிய காலத்தில், மீன் நீருக்குள்ளேயே இளம்பூச்சிகளைத் தின்கிறது, அங்கேயும் தூண்டில் போடலாம் என்று ஸ்கூஸ் வாதாடினார். அந்த வாதம் 1910இல் புத்தகமாக வந்தபோது தெளிவாகவும் மரியாதையாகவும் இருந்தது. பத்திரிகைப் பக்கத்தில்தான் அது தடுமாறி, தன்னையே திருத்திக்கொண்டு, எதிராளியைச் சீண்டி வளர்ந்தது. நான் இரண்டாவதைத்தான் விரும்பிப் படிப்பேன்.

மேரி ஆர்விஸ் மார்பரி என்ற அமெரிக்கப் பெண் 1892இல் வெளியிட்ட பொய்ப்பூச்சி வரலாற்று நூலும் அப்படித்தான். ஒரே பூச்சிக்கு ஊருக்கொரு பெயர் வழங்கிய குழப்பத்தைத் தீர்க்க, பல மாநிலத் தூண்டில்காரர்களுக்கு எழுதிக் கேட்டு, வந்த பதில் கடிதங்களையே அச்சிட்டார்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். என் இருபத்திரண்டாம் வயதில் மதுரையில் ஒரு சிறு மாத இதழில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். கடிதப் பக்கத்தைச் சுருக்குவதும் என் வேலை. ‘கண்மாய்க்கரையான்’ என்ற பெயரில் ஒருவர் மாதந்தோறும் எழுதுவார். விரால் மீன் தன் செந்நிறக் குஞ்சுகளைத் திரளாக மேய்த்துக்கொண்டு திரியும் நாட்களில், தவளை குத்திய முள்ளை அருகே போட்டால் அது பசியால் பாய்வதில்லை, காவலுக்காகப் பாய்கிறது. அந்த மீனை எடுத்தவன் குஞ்சுக் கூட்டத்தையே கெளிற்றுக்கும் கொக்குக்கும் கொடுத்தவனாவான் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். நான் அதிலிருந்து, எங்கள் இதழின் சிறுகதையை அவர் புகழ்ந்த இரண்டு வரிகளை மட்டும் எடுத்துப் போட்டேன். மீதியைக் கசக்கி எறிந்தது இந்தக் கைதான். சில மாதங்களில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிற்காலத்தில் அவர் நினைவு வந்து ஒரு நூலகத்தில் அந்த இதழின் தொகுதிகளைப் புரட்டினேன். இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்தவர் விளம்பரத் தாள்களோடு கடிதப் பக்கங்களையும் கழற்றியிருந்தார். கண்மாய்க்கரையானின் இயற்பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆகவே ஸ்கேன் செய்வதானால் அட்டையிலிருந்து அட்டைவரை செய்யுங்கள்; தூண்டில் கோல், பட்டு நூல் விளம்பரங்களும் இருக்கட்டும். அட்டை கழன்றிருந்தால் பசை தடவாதீர்கள், பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி வையுங்கள். மூன்று தொகுதிகளிலும் கார்டன் பெயர் வருகிறதா என்று பாருங்கள். நம் பக்கத்து ஆறுகளிலிருந்து யாராவது மஹ்சீர் மீன் பிடித்த கதையை எழுதியிருந்தால், புனைபெயரானாலும் சரி, அந்தப் பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள். இடமில்லை என்பது உண்மையானால் தொகுதிகளையே அனுப்பிவிடுங்கள், தபால் செலவு என்னுடையது.

அன்புடன்.