குண்டு வெடிக்காமல் சோதிப்பது எப்படி?

கேள்வி: லோட் ஷெட்டிங் முடிந்து கரண்ட் திரும்பும்போது டிவி போய்விடக் கூடாதென்று வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் வைத்திருக்கிறோம். அணுகுண்டின் மின்காந்தத் துடிப்பைத் தாங்க வேண்டிய கட்டடங்களுக்கும் இது போதுமா? அதை எப்படிச் சோதிப்பார்கள்?
(வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: போதாது. சர்ஜ் புரொடெக்டர் மின்னல் போன்ற மெதுவான துடிப்புகளுக்கானது. மின்னல் மைக்ரோசெகண்டுகளில் (நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏறும், அணுகுண்டு வெடிக்கும்போது பாயும் மின்காந்தத் துடிப்பு என்னும் கணநேர அலையோ சில நானோசெகண்டிலேயே (நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) உச்சத்தைத் தொட்டுவிடும். 1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா வெடித்த குண்டு, சுமார் 1,400 கி.மீ. தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகளையே அணைத்துவிட்டது.

சோதனைக்குக் குண்டு வேண்டாம். இந்தத் துடிப்பைத் தடுக்கச் சுற்றிலும் இரும்புத் தகடு வேய்ந்த அறைக்கு வெளியே டிரான்ஸ்மிட்டரையும் உள்ளே ஆன்டெனாவையும் வைத்து அளப்பார்கள். 80 டெசிபல் தடுப்பு, அதாவது புலத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கும் தடுப்பு இருந்தால், மீட்டருக்கு 50,000 வோல்ட் புலம் உள்ளே 5 வோல்ட்டாகச் சுருங்கிவிடும். அப்புறம், உள்ளே நுழையும் கேபிள்களில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் துடிப்பைச் செலுத்தி, அதைத் தடுக்க வைத்த ஃபில்டரைத் தாண்டி எவ்வளவு கசிகிறதென்று பார்ப்பார்கள்.

எனக்குக் கவலையெல்லாம் கதவைப் பற்றித்தான். அதன் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும் செப்புக் கலவைத் தகடுகள் வளைந்தாலோ, அவற்றின் மேல் பெயிண்ட் பட்டாலோ, அந்த இடுக்கு வழியாகவே அலை உள்ளே வந்துவிடும். ஆகவே கட்டி முடித்ததும் ஒருமுறை சோதித்தோம், சரி, என்று விட்டுவிட முடியாது. கதவு புழங்கப் புழங்கத் திரும்பவும் அளக்க வேண்டும்.