வெட்டுத் துணிகளை நனைத்துத்தான் தைக்க வேண்டுமா?

மும்பை மாட்டுங்காவில் தையற்காரரிடம் வாங்கிச் சேர்த்த வெட்டுத் துணிகளைப் போர்வையாக இணைக்குமுன் துவைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உள்ளங்கையைவிடச் சிறிய துண்டுகளை இயந்திரத்தில் போடாதீர்கள்; ஓரம் பிரிந்து நூல் சிக்கலே மிஞ்சும். கருஞ்சிவப்பு, அவுரி நீலத் துண்டுகளை மட்டும் தனித்தனிக் கிண்ணங்களில் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் நீர் தெளியும்வரை அலசுங்கள், தெளியாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கக்கூடும், பாலியெஸ்டர் அநேகமாகச் சுருங்காது என்பதால், இரண்டையும் நனைக்காமல் சேர்த்துத் தைத்தால் பின்னர் தையலோரம் இழுத்துக்கொள்ளும். (என் முதல் போர்வை அப்படித்தான் பொரித்த அப்பளம் போலாயிற்று.) மழைக்காலத்தில் இங்கே துணி எளிதில் காயாது, ஆகவே ஈரம் போக இஸ்திரி போட்ட பிறகே அளந்து வெட்டுங்கள்.