வலிக்காத இடத்தில் ஊசி போடலாமா?

மருத்துவர் பதில்கள்

கேள்வி: தேவகோட்டைக்கு அருகில் வசிக்கிறோம். என் மாமியாருக்கு வயது 68. பதினோரு ஆண்டுகளாகக் காலையும் இரவும் தாமே இன்சுலின் போட்டுக்கொள்கிறார். தொப்புளுக்கு வலப்புறம், பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்தது போல் மெத்தென்று ஒரு தடிப்பு இருக்கிறது. அங்கே குத்தினால் வலிப்பதில்லை என்று நாள்தோறும் அதே இடத்தில்தான் போடுகிறார். ஒரே ஊசி பத்து நாள் ஓடுகிறது. மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். சர்க்கரையோ ஒரு நாள் 300, மறுநாள் 80 என்று நிலைகொள்ளவில்லை. தடிப்பு கரைய ஒத்தடம் கொடுக்கலாமா?

பதில்: ஒத்தடம் வேண்டாம். அது சீழ்க்கட்டி அன்று. இன்சுலினுக்குக் கொழுப்பை வளர்க்கும் இயல்பு உண்டு. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறங்கினால் அங்குள்ள கொழுப்புத் திசு பெருத்து, நாளடைவில் நாரோடிப் போகிறது. அவ்விடத்தில் உணர்ச்சி மங்கிவிடுவதால் குத்துவது தெரிவதில்லை; தெரியாததாலேயே கை மறுபடியும் அங்கேயே போகிறது. தடித்த திசுவுக்குள் போன மருந்து இரத்தத்தில் கலப்பது ஒரு நாள் தாமதமாகவும் மறுநாள் விரைவாகவும் நடக்கும். நீங்கள் எழுதியிருக்கும் 300-உம் 80-உம் பெரும்பாலும் இதன் விளைவாகவே இருக்க வேண்டும். சேலையைச் சற்று விலக்கி வயிற்றைத் தொட்டுப் பாராமல் சீட்டில் எண்ணை மட்டும் ஏற்றி எழுதுவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடக்கும் குறை. நானும் அதைச் செய்தவன்தான்.

ஆயினும், இதைப் படித்துவிட்டு இன்று இரவே இடத்தை மாற்றி, அதே அளவைப் போட்டுவிடாதீர்கள். தடித்த இடத்துக்கென்று ஏற்றப்பட்ட அளவு நல்ல தோலின் கீழ் முழுமையாக வேலை செய்தால் சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்துவிடும். முதலில் மருத்துவரிடம் தடிப்பைக் காட்டுங்கள். அவர் அளவைக் குறைத்துக் கொடுப்பார். சிலருக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்க நேர்வதுண்டு. அதன்பின் சில வாரங்களுக்குச் சர்க்கரையை அடிக்கடி பார்த்து வர வேண்டும்.

குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல் நுனியால் வயிற்றை மெல்லத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத தடிப்புகளும் கைக்குப் புலப்படும். அவற்றின் விளிம்பைப் பேனாவால் வரைந்துகொண்டு, அந்த எல்லைக்குள் ஊசி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்தை நான்கு பாகமாகக் கொண்டு, வாரம் ஒரு பாகத்தில், பல்லாங்குழியில் காய் போட்டுக்கொண்டு நகர்வது போல் ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடையாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். தொப்புளை ஒட்டியும் வேண்டாம். இப்படிச் சில மாதங்கள் விட்டுவைத்தால் தடிப்பு பெரும்பாலும் தானே சுருங்கும்.

பத்து நாள் ஓடும் அந்த ஊசியும் குற்றவாளிதான். ஊசி ஒரு முறைக்கென்றே செய்யப்பட்டது. வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காக அதன்மேல் பூசிய சிலிக்கோன், மறுமுறை பயன்படுத்தும்போது தேய்கிறது. முனையும் மழுங்கித் தோலைக் கிழிக்கிறது. செலவை எண்ணித்தான் சேமிக்கிறார் என்பது புரிகிறது. ஆனால் வீணாகும் இன்சுலினின் விலை அதைவிடக் கூடுதல். 4 மில்லிமீட்டர் ஊசியே போதும்; தோலின் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான் என்பதால் பருத்தவர்களுக்கும் அது எட்டும். போட்டு முடித்த ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடி, நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுங்கள். குப்பையில் வீசினால் அள்ளுகிறவர் கையில்தான் ஏறும்.

கேள்வி: குன்றக்குடியிலிருந்து பழநிக்கு ஆண்டுதோறும் நடக்கிறேன். இந்தத் தைப்பூசப் பயணத்தில் என் இன்சுலின் பேனா பழுதானதால், உடன் வந்த அண்ணன் ஒருவரின் சிவப்பு மூடி சிரிஞ்சால் பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து (உள்ளிருக்கும் மருந்துக் குழலிலிருந்து) 12 யூனிட் கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சிறிது நேரத்தில் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். நடைதான் காரணமா?

பதில்: நடையும் ஒரு காரணம், ஆனால் சிறு காரணம். சிவப்பு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பி மருந்துக்கானது. பேனாவின் கார்ட்ரிட்ஜில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 யூனிட். நீங்கள் 12 என்று எண்ணி உடலில் ஏற்றியது 30 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் இழுக்கவே கூடாது; அடுத்த முறை மாற்றுப் பேனா ஒன்றைப் பையில் வையுங்கள். நடக்கும் நாட்களில் தொடையைத் தவிர்த்து வயிற்றில் போடுங்கள், உழைக்கும் தசைக்கு அருகில் மருந்து விரைந்து கலக்கும். எவ்வளவு குறைத்துப் போடுவது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கம் கண்டதும் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லி உடன் வருவோரிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் தடவுவதால் வயிற்றுத் தோல் வறண்டு அரிக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: குளித்துச் சுத்தமாக இருந்தால் வீட்டில் போட்டுக்கொள்வோருக்கு ஸ்பிரிட் கட்டாயமில்லை, சோப்பும் தண்ணீரும் போதும். தடவினாலும் முழுவதும் உலர்ந்தபின் குத்துங்கள், ஈரத்தோடு குத்துவதால்தான் அந்த எரிச்சல். அரிப்போடு தோல் சிவந்து, சூடாகி, வலி வளர்ந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.