மானிட்டர் 85 சதவீதம் காட்டுகிறது, ஃப்ரிட்ஜ் ஏன் நிற்கிறது?

கேள்வி: எங்கள் பாய்மரப் படகில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லீட்-ஆசிட் பேட்டரிகள் இரண்டு இருக்கின்றன. 100 வாட் சோலார் பேனல் ஒன்றும், ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டரும் உண்டு. நங்கூரம் போட்டு நின்றால் மூன்றாம் நாள் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. அப்போது மானிட்டரில் 85 சதவீதம், 11.9 வோல்ட். பேட்டரியை மாற்ற வேண்டியதுதானா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். அந்த 85 சதவீதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மானிட்டர் பேட்டரிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நெகட்டிவ் வயரில் கரன்ட்டை அளக்க வைக்கும் சிறு உலோகத் துண்டுதான் ஷன்ட். அதன் வழியாகப் போகும், வரும் கரன்ட்டை வரவு செலவு நோட்டு போலக் கூட்டிக் கழிக்கிறது, அவ்வளவுதான்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். படகு ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம், அதாவது 12 மணி நேரம் ஓடினாலே ஒரு நாளைக்கு 60 ஆம்பியர்-மணி. விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்தால் 70. நல்ல வெயிலிலும் உங்கள் பேனல் 25 முதல் 30 வரைதான் தரும். பாய்மரத்தின் நிழல் விழுந்தால் இன்னும் குறையும். ஆக தினமும் 40 பற்றாக்குறை. இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 200. இரண்டு நாளில் அதில் 80 போய்விடும். மூன்றாம் நாள் காலையில் 85 சதவீதம் மிஞ்ச வழியே இல்லை. சார்ஜ் குறைந்து வோல்ட் இறங்குவதால்தான் ஃப்ரிட்ஜ் நிற்கிறது.

அப்படியானால் மானிட்டர் ஏன் அதிகமாகக் காட்டுகிறது? பெரும்பாலும் அது நடுவில் ஒருமுறை "பேட்டரி நிறைந்துவிட்டது" என்று தவறாக முடிவுகட்டி, 100-க்குத் திரும்பியிருக்கும். வோல்ட் ஒரு அளவுக்கு மேல் ஏறி, சார்ஜ் கரன்ட் ஒரு அளவுக்குக் கீழ் இறங்கி, சில நிமிடம் அப்படியே இருந்தால் அது அந்த முடிவுக்கு வரும். அந்தக் கரன்ட் அளவைப் பல மானிட்டர்களில் பேட்டரி கொள்ளளவில் 4 சதவீதம் என்று வைத்திருப்பார்கள். உங்களுக்கு அது 8 ஆம்பியர். உங்கள் பேனலோ உச்சி வெயிலிலேயே 6 ஆம்பியர்தான் தருகிறது! அதாவது கரன்ட் நிபந்தனை எப்போதும் நிறைவேறிவிடுகிறது. வோல்ட் அளவும் 13.2 என்று இருந்தால், காலை வெயில் கொஞ்சம் பட்டாலே போதும், மானிட்டர் ஏமாந்துவிடும்.

சார்ஜர் 14.4 வோல்ட் வரை ஏற்றுகிறது என்றால், மானிட்டரில் நிறைவு வோல்ட்டை 14.2 என்று மாற்றுங்கள். கரன்ட் அளவை 2 சதவீதமாக்கி, காத்திருக்கும் நேரத்தை 15 நிமிடத்துக்குக் கூட்டுங்கள். பேட்டரி உண்மையில் நிறையாதவரை 100 வராது. அதுதான் நமக்கு வேண்டும்.

அப்புறம் வயரிங். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஷன்ட்டுக்கு ஒரே ஒரு கேபிள்தான் போக வேண்டும். மற்ற நெகட்டிவ் வயர்கள் எல்லாம் ஷன்ட்டின் மறுபக்கத்தில். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டும் மானிட்டரில் ஆம்பியர் அசையவில்லையோ, அது ஷன்ட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப்பை இப்படி நேராகப் பேட்டரியில் மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கும்.

இவை சரியான பிறகு பேட்டரியைச் சோதிக்கலாம். கரை மின்சாரத்தில் முழுசாக ஏற்றுங்கள். கடைசி 20 சதவீதம் ஏறப் பல மணி நேரமாகும், எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டி இதைச் சாதிக்க முடியாது. பிறகு சார்ஜ் அனைத்தையும் துண்டித்து, சுமார் 10 ஆம்பியர் அளவில் 100 ஆம்பியர்-மணி எடுங்கள். சுமையையும் நிறுத்திச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.2 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே போயிருந்தால், அல்லது பாதி வழியிலேயே வோல்ட் சரிந்தால், கொள்ளளவு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். (லித்தியத்துக்கு இந்தச் சோதனை உதவாது. அதன் வோல்ட் பெரும்பகுதி நேரம் 13.2 பக்கமே நிற்கும்.)

பேட்டரி தேறிவிட்டால், அந்தப் பணத்தில் இன்னும் 100 வாட் பேனல் ஒன்று போடுங்கள். பற்றாக்குறை 40-இலிருந்து 15-க்குள் வந்துவிடும். நங்கூரத்தில் மூன்று நாள் நின்றாலும் பாதிக்குக் கீழே இறங்க வேண்டியிருக்காது. கரைக்கு வரும்போதெல்லாம் ஒரு இரவு முழுக்க சார்ஜரில் விட்டுவிடுங்கள். பாதி ஏற்றத்திலேயே நாள்கணக்கில் கிடந்தால் லீட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.